கிழக்குக் கூரையின் எட்டு நட்டுகள்

ஏற்காட்டில் வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் ஜன்னலைத் திறந்து பள்ளத்தாக்கு தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு தண்ணீர் வசதியைக் கேட்கிறார்கள். அண்ணாந்து கூரையைப் பார்ப்பவர்கள் குறைவு. எனக்கும் அந்தப் பழக்கம் எழுபத்தெட்டாம் வருஷத்துக்குப் பிறகுதான் வந்தது.

என் பெயர் நல்லமுத்து. வயது ஐம்பத்தெட்டு. வாழவந்தி போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பது வருஷமாகக் கணக்கெழுதும் ரைட்டர். எழுத்து என் தொழில் என்பதால், இன்ஸ்பெக்டரய்யா, நீங்கள் கேட்டு ஏட்டையா எழுதுவதைவிட நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். நீங்களும் காகிதம் கொடுத்து, டீயும் வரவழைத்துக் கொடுத்தீர்கள். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. சேலத்தில் நீதிபதி முன்னால் நிறுத்தினாலும் இதையேதான் சொல்லுவேன்.

எழுபத்தாறில் நான் ஒரு வீடு கட்டினேன். கூடமும் இரண்டு அறையும், மங்களூர் ஓட்டுக் கூரையும். கடன் கொடுத்தவர்கள் வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். தீப்பிடித்தால் உண்டு, கொஞ்சம் கூடக் கட்டினால் புயலுக்கும் உண்டு என்றார் ஏஜென்ட். கூடக் கட்டினேன். பாலிசி இங்கிலீஷில் இருந்தது. அதை நான் அப்போது படிக்கவில்லை. என் மனைவி பாப்பாத்தி அதை ஒரு துணியில் சுற்றி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று இரண்டு பேருமே நம்பினோம்.

எழுபத்தெட்டு ஐப்பசியில் ஒரு பிற்பகல் காற்று அடித்தது. கால் மணி நேரம்கூட இருக்காது. ஓடுகள் ஒவ்வொன்றாக விழவில்லை. கிழக்குப் பக்கம் முழுவதும் ஒரே மூச்சில் எழுந்து, கைமரங்களோடு மிளகுக்கொடிகளின் மேல் போய் விழுந்தது. பாப்பாத்தி அந்தப் பக்கத்துச் சமையல்கட்டில்தான் இருந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அன்று சாயங்காலம் அக்கம்பக்கத்தார் வந்து, உயிர் தப்பியதே பெரிது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாளே கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும் வரை எதையும் மாற்றக் கூடாது என்பது விதி. அதனால் மாற்றவில்லை. சர்வேயர் பத்தொன்பதாம் நாள் வந்தார். நடுவில் பதினொரு நாள் மழை பெய்தது.

வந்தவர் ஜேசுதாஸ். சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் வெறுங்காலோடு நடந்தார். விழுந்து கிடந்த ஒவ்வொரு கைமரத்தின் நுனியையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். சில இடங்களில் அது கைப்பிடி வரை இறங்கியது. கறையான். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாப்பாத்தி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, குறித்துக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்து அறிக்கையின் நகல் வந்தது. அன்று அடித்த காற்றில் அக்கம்பக்கத்து ஓட்டு வீடுகள் எதுவும் கூரையை இழக்கவில்லை; இந்த வீட்டின் மரங்கள் முன்பே உளுத்திருந்தன; ஆகவே இது புயல் சேதம் அல்ல, பராமரிப்பின்மை. அதன்மேல் கம்பெனி கையை விரித்தது.

கறையான் இருந்தது உண்மைதான். மாதையன் ஆசாரி அதற்கு முந்தின வருஷமே சொல்லியிருந்தார். "கெழக்கு மூலையில மண்ணேறியிருக்குதுங்க ரைட்டரே, மழைக்கு முன்னாடி நாலு மரத்த மாத்திருங்க" என்றார். அடுத்த வருஷம் மாற்றலாம் என்று இருந்தேன். எல்லா வீட்டிலும் அப்படித்தானே இருக்கிறார்கள். காற்று மட்டும் அடிக்காமல் இருந்திருந்தால் அந்த மரங்கள் இன்னும் ஐந்து வருஷம் நின்றிருக்கும். இதை ஜேசுதாஸ் எழுதவில்லை.

பாப்பாத்திக்குச் சளி மார்பில் கட்டிக்கொண்டது. அறிக்கை வந்த வாரம் அவளைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நிமோனியா என்றார்கள். ஒன்பதாம் நாள் இறந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சுவர்களை விற்றுவிட்டு எஸ்டேட் குவார்ட்டர்ஸுக்கே திரும்பிவிட்டேன்.

அதன் பிறகுதான் பாலிசியைப் படித்தேன். அகராதியை வைத்துக்கொண்டு, வரி வரியாக, ஒரு வருஷம் படித்தேன். நீங்கள் கேட்டால் இப்போதும் சொல்லுவேன். காற்று தூக்கிய கூரைக்குப் பணம் உண்டு. உளுத்து விழுந்த கூரைக்கு இல்லை. காற்று திறந்துவிட்ட வழியாக மழை வந்து கட்டில் நனைந்தால் உண்டு. ஏற்கெனவே இருந்த ஓட்டை வழியாக வந்திருந்தால் இல்லை. ஒரே மழை, ஒரே கட்டில். ஆனால் எது முதலில் நடந்தது என்பதைத்தான் பார்க்கிறார்கள். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. எஸ்டேட்டில் யாருக்காவது கூரை போனால் அவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

தொண்ணூறில் ஜேசுதாஸ் ஓய்வு பெற்று, மனைவியோடு ஏற்காட்டுக்கே குடிவந்தார். கொட்டச்சேடு ரோட்டில் பழைய தகரக் கூரை பங்களா. நான் தேடிப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்க முடியாமல் நின்றார். நான்தான் கை கொடுத்தேன்.

"எங்கியோ பாத்த மொகமாட்டம் இருக்குதுங்க" என்றார்.

"எஸ்டேட் ரைட்டருங்க. இங்கியேதான் சுத்திட்டு இருக்கறேன்" என்றேன்.

எழுபத்தெட்டில் நான் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு தாடி வைத்திருந்தேன். பேரைக் கேட்டிருந்தால் மறைக்காமல் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. எல்லோரையும் போல ரைட்டர் என்றே கூப்பிட்டார்.

அந்த ஒரு வருஷம் நான் எதுவும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அவர் மனைவி மரியபுஷ்பம் தையல் வேலை செய்கிறவர். கூடத்தில், கிழக்குச் சுவரை ஒட்டி மெஷினைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைப்பார். நான் உள்ளே நுழைந்ததும் மெஷினை நிறுத்திவிடுவார். "வாங்ணா, உக்காருங்ணா. தனியாளு என்னத்தத் தின்னீங்களோ" என்பார். என் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுத்திருக்கிறார். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன்.

தொண்ணூற்றொன்று சித்திரையில், ஒரு ஞாயிறு காலை, வராந்தாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு அவர் பார்த்த வேலையைப் பற்றிப் போயிற்று.

"ஆயிரம் கூரை பாத்திருப்பனுங்க ரைட்டர். ஒரே ஒரு ஊடுதான் ஞாபகத்துல நிக்குது" என்றார். "வாழவந்தி ரோட்டுல. கூரையில்லாத சமையக்கட்டுல ஒரு அம்மா கொடையப் புடிச்சுக்கிட்டு அடுப்பூதிட்டு இருந்தாங்க. எனக்குக் காப்பி வெச்சுக் குடுத்தாங்க. நான் எழுதுனது சரிதானுங்க, அதுல மாத்தறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா அந்தக் காப்பியக் குடிச்சிருக்கக் கூடாதுன்னு இப்பவும் தோணும்."

"அந்தம்மா இப்ப எங்க இருக்காங்களோ" என்று அவரே கேட்டார்.

"நல்லா இருக்காங்கன்னு கேள்விங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. ஏதோ நானே மன்னித்துவிட்டதுபோல என் கையைத் தட்டினார். அதுவரை, அவர் பாப்பாத்தியைக் கவனிக்காமல் எழுதியிருப்பார் என்று ஒரு எண்ணம் எனக்குள் இருந்தது. பார்த்துவிட்டுத்தான் எழுதினார் என்பது அன்றைக்கு உறுதியாயிற்று. மத்தியானம் அவர் வீட்டிலேயே சாப்பிட்டேன். மரியபுஷ்பம் கோழிக்குழம்பு வைத்திருந்தார்.

அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. செத்தவனுக்கு எதுவும் தெரியாது. கூரையில்லாத வீட்டில் மனைவியைப் பறிகொடுத்துவிட்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு, இது புயல் அல்ல, பராமரிப்பின்மை என்று யாரோ ஒருவர் எழுதி, அதை அவர் தபாலில் பிரித்துப் படிக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. நான் பட்டதற்கு மேல் ஒரு துளியும் நான் கேட்கவில்லை.

தகரக் கூரையைச் சுவரோடு பிடித்து வைப்பது போல்ட்டுகள். சுவர் கட்டும்போதே அவற்றை உள்ளே புதைத்துவிடுவார்கள். சுவர் மேல் கிடக்கும் மரத்தில் துளை போட்டு, அதன் வழியாகப் போல்ட்டை மேலே எடுத்து, நட்டுப் போட்டு முறுக்குவார்கள். அந்த வீட்டில் கிழக்குப் பக்கம் எட்டு. மழைக்கு முன்னால் கூரையைப் பார்த்துத் தார் பூசுவது வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலை. ஜேசுதாஸால் ஏணியில் கால் வைக்க முடியாது. "நான் பாத்துக்கறனுங்க" என்று சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். மரியபுஷ்பம் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

நட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துக் கழற்றினேன். அந்த வருஷம் நான்கு, தொண்ணூற்றிரண்டில் மீதி நான்கு. கீழே இறங்கி வந்ததும் ஜேசுதாஸ் கேட்பார்: "எப்பிடீங்க இருக்குது?"

"இன்னும் இருவது வருசத்துக்கு அசையாதுங்க" என்பேன்.

கூரை போனால் கிழக்குப் பக்கத்து முக்கோணச் சுவருக்குப் பிடிமானம் கிடையாது. அந்தக் காலத்துச் சுவர், சுண்ணாம்பும் மண்ணும்தான். விழுந்தால் உள்பக்கமாகத்தான் விழும். தையல் மெஷின் எங்கே கிடந்தது என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

ஒரு வருஷம் பெரிய காற்று எதுவும் வரவில்லை. நான் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போவதை நிறுத்தவில்லை. ஒருமுறை எனக்குக் காய்ச்சல் கண்டபோது மரியபுஷ்பம் குவார்ட்டர்ஸ் வரை கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தார். குடித்தேன்.

போன மாதம் ரேடியோவில் புயல் எச்சரிக்கை சொன்ன அன்று காலையிலேயே அங்கே போய்விட்டேன். இரண்டு பேரும் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சேலத்தில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள்.

"இந்த மழையில மலையெறங்கறதுதானுங்க ஆபத்து" என்றேன். "மண்ணு சரிஞ்சா பஸ்ஸு நடுவழியில நின்னுக்கும். இந்தக் கூரைக்கு என்னங்க கொறச்சல்? நான் ஏறிப் பாத்தவன் சொல்றேன்."

ஜேசுதாஸ் மனைவியைப் பார்த்தார். "அண்ணா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று மரியபுஷ்பம் பையைத் திரும்பப் பிரித்தார்.

ஆனாலும் ஜேசுதாஸுக்குப் பழைய தொழில் புத்தி. எதற்கும் ஒரு தார்ப்பாய் இருந்தால் நல்லது என்றார். அது எனக்கு வசதியாகப் போயிற்று. எஸ்டேட் ஸ்டோரில் இருக்கிறது, ஒருத்தனால் தூக்க முடியாது, கூட வாருங்கள் என்று கூப்பிட்டேன். மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்பினோம். முட்டி வலியோடு அவர் மெதுவாகத்தான் நடந்தார். மரியபுஷ்பம் வாசல் வரை வந்து, "இருட்டறதுக்குள்ள வந்துருங்க" என்றார். நாங்கள் கேட்டைத் தாண்டும்போது மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

ஸ்டோரில் முதலில் எடுத்த தார்ப்பாய் கிழிசல் என்றேன். இரண்டாவதை விரித்துப் பார்த்து மடித்தோம். சரியாக மடியவில்லை என்று பிரித்து மறுபடியும் மடித்தேன். காற்று ஏறிக்கொண்டே வந்தது. சில்வர் ஓக் மரங்கள் ஒடிகிற சத்தம் கேட்டது.

"போதுமுங்க ரைட்டர், கெளம்பலாம். அவ ஒத்தையில இருக்கறா" என்று ஜேசுதாஸ் மூன்று தடவை சொன்னார்.

"காத்து கொஞ்சம் அடங்கட்டுங்க. நடுவழியில மரம் மேல வுழுந்தா என்னங்க பண்றது?" என்று டீ போட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் குடிக்கவில்லை.

நாலரை மணிக்குத் திரும்பிப் போனபோது கூரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. கிழக்குச் சுவர் உள்ளே சரிந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கையால் கல்லை எடுத்தோம். மெஷினுக்கு அடியில் மரியபுஷ்பத்தின் கை தெரிந்தது. ஜேசுதாஸ் அழவில்லை. மழை நேராக அவர் மனைவி மேல் பெய்துகொண்டிருந்தது. கொண்டுவந்த தார்ப்பாயை விரித்து மூடினார். பறக்காமல் இருக்க நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். ஆள்கள் வரும் வரை ஒரு மணி நேரம் அப்படியே நின்றோம். பதினைந்து வருஷத்தில் அன்றைக்குத்தான் என் மனதுக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் தவறாக நினைக்கக் கூடாது. உண்மையை எழுதச் சொன்னீர்கள்.

அடக்கம் முடிந்ததும் கம்பெனிக்கு மனு எழுதிக் கொடுத்தவனும் நான்தான். ஜேசுதாஸ் கையெழுத்து மட்டும் போட்டார். அந்த அறிக்கை வர வேண்டும், அவர் படிக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருந்தேன்.

இந்தமுறை சர்வேயர் நான்காம் நாளே வந்துவிட்டார். சேகர் என்று பெயர். அவர் மரத்தைக் குத்திப் பார்த்தார். மரம் நன்றாக இருந்தது. பிறகு ஏணி போட்டுச் சுவர் மேல் ஏறினார். கொஞ்ச நேரம் கீழே இறங்கவே இல்லை. கிழக்குப் பக்கத்துப் போல்ட்டுகள் அறுபடவில்லை, வளையவில்லை, நேராக நின்றன. மற்ற மூன்று பக்கமும் போல்ட்டின் திருகு மரைகளில் துரு அப்பியிருந்தது; இந்த எட்டில் மட்டும் மரை சுத்தமாக இருந்தது. மண்ணெண்ணெய் துருவைக் கழுவிவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை. காற்று நட்டைக் கழற்றாது. "கடசியா இந்தக் கூரை மேல ஏறுனது யாருங்க?" என்று அவர் கேட்டார். ஜேசுதாஸ் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, மூன்று வருஷப் பழக்கத்தில் முதல்முறையாக என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. அங்கிருந்த கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

மரியபுஷ்பத்தைக் கொன்றது நான்தான். யாரும் உடந்தை இல்லை. நட்டுகள் என் குவார்ட்டர்ஸில் பிஸ்கட் டின்னில் இருந்தன; உங்கள் ஆட்கள் எடுத்துவிட்டார்கள். எட்டும் சரியாக இருக்கும்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். எஸ்டேட் ஸ்டோர் சாவி எழுபத்தெட்டிலும் என்னிடம்தான் இருந்ததா என்று. பதிலையும் எழுதச் சொன்னீர்கள்.

இருந்தது. காப்பி காயப்போட்டிருக்கும்போது மழை வந்தால் மூடுவதற்குத் தார்ப்பாய்களும் இருந்தன, ஆறோ ஏழோ. விதியை முழுசாகச் சொன்னால், விழுந்ததை அப்புறப்படுத்தக் கூடாது. ஆனால் மேற்கொண்டு நனையாமல் மூடிவைக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. கம்பெனியிலிருந்து நான்காம் நாளே வந்த கடிதத்தில் அதைத் தமிழிலேயே எழுதியிருந்தார்கள். ஜேசுதாஸின் அறிக்கையில் கடைசிப் பத்தியும் அதைப் பற்றியதுதான். மேலே எழுதும்போது அது விட்டுப்போயிற்று.

மூடாததற்குக் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. மூடிவிட்டால் சேதம் குறைவாகத் தெரியும். ஊறிய சுவரையும் நனைந்த கட்டிலையும் வருகிறவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நானாக எடுத்த முடிவும் அல்ல. பாப்பாத்தியிடம் சொல்லிவிட்டுத்தான் அப்படியே விட்டேன். அவள் மறுக்கவில்லை. "நொம்பக் குளுருதுங்க" என்று மட்டும் சொன்னாள். அதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லவில்லை.